பத்து இலட்சத்து மூவாயிரத்து ஒன்று

வந்து நிற்கிற ஆளின் முகத்தை அவர் இரண்டாவதாகத்தான் பார்ப்பார். முதலில் பார்ப்பது, அந்த ஆள் கொண்டுவந்த எஞ்சினில் பதித்திருக்கும் இலக்கத்தை. குனிந்து, கிறீஸ் பிடித்த பெருவிரலால் அதைத் துடைத்து, ஒருமுறை வாசிப்பார். பிறகு கடை வாசலில் சாய்ந்துகொண்டு துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்பார். வந்தவர் எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிக்கொண்டிருப்பார். இவர் காதில் ஒன்றும் விழாது. திடீரென்று திரும்பி, "இது பதின்மூணால மிச்சமில்லாம போகும்" என்பார். அதற்குப் பிறகுதான், "வாங்க, இருங்க, என்ன பிரச்சினை?"

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை. எழுத வேண்டாமென்று அவருடைய மனைவியும் கேட்டிருக்கிறார். துறைமுகத்தடியில் எல்லோருக்கும் அவர் நானாதான்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். மூதூர்க்காரர். திருகோணமலை உட்துறைமுகத்துப் பக்கம், எங்கள் மீனவர் சங்கத்துக் கட்டடத்திலிருந்து இரண்டு கதவு தள்ளி, வள்ளத்து எஞ்சின் திருத்தும் கடை வைத்திருந்தார். கிழமை நாட்களில் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்குவார். வெள்ளிக்கு மூதூருக்குப் போய், ஞாயிறு பின்னேரம் திரும்பிவிடுவார்.

நான் சங்கத்தில் இலிகிதர். வள்ளங்களையும் எஞ்சின்களையும் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. பாவித்த எஞ்சின் ஒன்று கைமாறினால், 'இந்த இலக்கமுடைய எஞ்சினை நேரில் பார்த்தேன், நல்ல நிலையில் இருக்கிறது' என்று ஒரு திருத்துநர் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தக் கையெழுத்து பெரும்பாலும் அவருடையதுதான். அப்படித்தான் பழக்கம் ஏற்பட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், கையெழுத்துக்காகப் பதிவேட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். பேனையைக் கையில் வாங்கியவர் எழுதாமல் நின்றார்.

"இருபத்தெட்டாம் பக்கம்" என்றார்.

"ஓம். ஏன், என்ன பிழை?"

"பிழை இல்லை தங்கச்சி. இருபத்தெட்டை மிச்சமில்லாம பிரிக்கிற எண்களைச் சொல்லுங்க. ஒண்டு, ரெண்டு, நாலு, ஏழு, பதினாலு. கூட்டிப் பாருங்க."

கூட்டினேன். இருபத்தெட்டே வந்தது.

"நிறைவெண்" என்றார். "தன்ட பங்காளியெல்லாம் சேந்தா சரியா தானே ஆகுற எண். இப்பிடி மிச்சம் குறைவு. இதுக்கு முந்தின பக்கம் இருபத்தேழு. அதின்ட பங்காளி ஒண்டு, மூணு, ஒம்பது. கூட்டினா பதின்மூணுதான். அது குறை எண். முப்பதை எடுங்க. பங்காளியெல்லாம் கூட்டினா நாப்பத்திரெண்டு, தன்னைவிடக் கூட. அது மிகை எண். மனிசரும் இந்த மூண்டு சாதிதான், வேற சாதி இல்லை."

கையெழுத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பிறகு, நிலாவெளி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ரிக்கற்றிலிருக்கும் இலக்கத்தை என்னை அறியாமல் நானும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். தொற்றுவியாதி மாதிரி அது.

உயர்தரம் கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தபோது சண்டை வந்து, ஊரோடு இடம்பெயர்ந்தவர். பரீட்சை எழுதவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். வருத்தத்தோடு சொல்லவில்லை. "பரீட்சை இல்லாட்டி என்ன, எண் அங்கேயேதான் கிடக்குது. அதை ஆரும் ஷெல் அடிச்சு உடைக்க ஏலாது" என்றார்.

ஆனால் எண்களில் சாத்திரம் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒருமுறை ஒருவர், புது எஞ்சினின் இலக்கங்களைக் கூட்டினால் எட்டு வருகிறது, அதைக் கடலுக்குக் கொண்டுபோகப் பயமாக இருக்கிறது, வேறு இலக்கம் பதித்துத் தர முடியுமா என்று கேட்டு வந்தார். அன்றைக்குத்தான் நானா குரலை உயர்த்தியதை நான் கேட்டேன்.

"எட்டு உங்களுக்கு என்ன செஞ்ச? எட்டு ரெண்டால மூணு தரம் போகும், அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச வேலை. கடலுக்கு எண் வாசிக்கத் தெரியாது. நீங்க எஞ்சினுக்கு ஒயில் மாத்துங்க!"

வந்தவர் போன பிறகும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "பதிஞ்ச இலக்கத்தை மாத்தக் கேக்கிறான். பெத்த புள்ளைட மொகத்தை மாத்தித் தரச் சொல்லுற மாதிரி."

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். தினமும் பத்து மணிக்கு வந்து, எண்ணெய்த் தகரத்தில் உட்கார்ந்து, இவரோடு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவார். அந்தக் கூட்டாளி தன்னுடைய பழைய எஞ்சினை விற்பதற்காக, கடிதத்தில் அது வந்த வருடத்தை ஒன்று கூட்டி எழுதித் தரும்படி கேட்டார். ஒரேயொரு வருடம். நானா மறுத்துவிட்டார். கூட்டாளி சிரித்தபடி கேட்டார், கோபித்தபடி கேட்டார், கடைசியில் எழும்பிப் போனார். பிறகு அந்தக் கடைப் பக்கம் வரவேயில்லை. பல கிழமைகளுக்கு நானா பத்து மணிக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணி வாங்குவார். ஒன்று ஆறிக் கிடக்கும்.

"எழுதிக் குடுத்திருக்கலாமே நானா, ஆருக்கு என்ன நட்டம்?" என்று கேட்டேன்.

"எழுதியிருக்கலாம். ஆனா பொறகு அந்த எண்ணை நான் எங்க கண்டாலும் அது என்னைப் பாக்கும் தங்கச்சி."

அப்போது எனக்கு இது பிடிவாதமாகப் பட்டது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. எதற்கும் வளையாத ஆளோடு பழகும்போது, ஒருநாள் நாமும் அவருக்கு முன்னால் நிற்க வேண்டிவரும் என்ற பயம்.

திரியாயைச் சேர்ந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், உட்துறைமுகத்தில் வள்ளம் கட்டி வைத்துத் தொழில் செய்தார்கள். அவர்கள் புது எஞ்சின் ஒன்று எடுத்து, பூட்டுவதற்காக நானாவிடம் கொண்டுவந்தார்கள். அதன் இலக்கம் 1003001.

அன்று நான் பதிவுக்காக அங்கே போயிருந்தேன். நானா வாசலில் சாய்ந்து நின்றார். வழக்கத்தை விட நீண்ட நேரம் நின்றார். பதின்மூணால போகும் என்றோ பதினேழால போகும் என்றோ சொல்லவில்லை. திரும்பி வந்து இலக்கத்தை இன்னொரு தரம் வாசித்தார்.

"திருப்பி வாசிச்சாலும் இதேதான்" என்றார்.

பாடசாலையில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. "விகடகவி மாதிரி. மாலைமாற்று எண்டு தமிழில சொல்லுவினம்" என்றேன்.

"மாலைமாற்று" என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போனது.

அந்த எண் முதன்மை எண்தானா, அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறொன்றாலும் மீதியில்லாமல் பிரியாத எண்தானா என்று பார்ப்பதற்கு மூன்று கிழமை எடுத்தார். ஆயிரத்துக்குட்பட்ட முதன்மை எண்கள் நூற்று அறுபத்தெட்டு. ஒவ்வொன்றாலும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஒன்றையும் விட ஏலாது. கிழித்த கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், வேலைக்கு நடுவில், பென்சிலால் பிரித்துக்கொண்டே இருந்தார்.

"போனில அடிச்சா ஒரு நிமிஷத்தில சொல்லுமே நானா."

"போனுக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேணாமா?"

ஒரு புதன்கிழமை மத்தியானம் சங்கத்துக்குள் வந்து, என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். "நூத்தி அறுபத்தெட்டும் முடிஞ்சுது. ஒண்டுக்கும் அது அடங்கல்ல. முதன்மை எண்!" என்றார். அவருடைய முகம் அப்படி வெளித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாம் சொன்னார். ஏழு இலக்கத்தில் முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கக்கூடிய முதன்மை எண்களில் இதுதான் ஆகச் சிறியது. இதற்கு முந்தியது 1002001, பார்க்க இதன் சகோதரம் மாதிரி, ஆனால் ஆயிரத்தொன்றை ஆயிரத்தொன்றால் பெருக்கி வந்தது. இதற்கு அடுத்த நாலும் தேறாது. ஒன்று மூன்றால் போகும், ஒன்று நாற்பத்தேழால், ஒன்று நூற்றுமூன்றால், நாலாவது திரும்பவும் மூன்றால். ஐந்தாவதுதான் அடுத்த முதன்மை எண், 1008001.

"இன்னொண்டு கேளுங்க. இப்பிடியான எண், நாலால பிரிச்சா ஒண்டு மிஞ்சுற முதன்மை எண், ரெண்டு சதுர எண்ணின்ட கூட்டா வரும். ஒரே ஒரு விதத்திலதான் வரும். அதையும் தேடிப் புடிச்சிட்டன். தொள்ளாயிரத்து நாப்பத்தொம்பதை அதாலயே பெருக்குங்க. முன்னூத்தி இருவதை அதாலயே பெருக்குங்க. ரெண்டையும் கூட்டுங்க."

நான் அவர் முன்னாலேயே செய்து பார்த்தேன். 900601. 102400. கூட்டினால் 1003001. அந்த இரண்டு எண்களும் அன்றிலிருந்து என் மண்டைக்குள் இருக்கின்றன.

திரியாய் அண்ணனிடமும் சொன்னார். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "அப்ப எங்கட எஞ்சின் ராசா எண்டுறியள்" என்று சிரித்தார்.

"ராசா இல்லை. தனிய நிக்கிற ஆள்" என்றார் நானா.

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த அண்ணனும் தம்பியும் ஒருநாள் பின்னேரம் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. காற்று இல்லாத மாதம். கொட்டியாரக்குடா குளம் மாதிரிக் கிடந்தது. மற்ற வள்ளங்கள் நாலு நாள் தேடின, கடற்படையும் தேடியது. ஒரு பலகைத் துண்டோ ஒரு மிதவையோ கிடைக்கவில்லை. அண்ணனுடைய மனைவி மாதம் ஒருமுறை திரியாயிலிருந்து பஸ் ஏறி வந்து, சங்கத்து வாங்கில் உட்கார்ந்து, "ஏதும் தெரிஞ்சுதா தங்கச்சி?" என்று கேட்பார். நான் இல்லை என்பேன். எழும்பிப் போவார். போகும் வழியில் நானாவின் கடை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். நானா எழும்பி நிற்பார்.

ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒருநாள் காலை பதினொரு மணியளவில் நானா ஓடி வந்தார். அவர் ஓடி நான் கண்டதில்லை.

"தங்கச்சி, வந்திட்டுது!"

"என்ன நானா வந்தது?"

"பத்து லட்சத்து எட்டாயிரத்து ஒண்டு! அந்த அடுத்த எண்! கடைக்குள்ள கிடக்குது. ரெண்டும் ஒரே துறைக்கு வரும் எண்டு நான் கனவிலயும் நினைக்கல்ல. வாங்க, வந்து பாருங்க!"

போனேன். மரச் சட்டத்தில் ஒரு பழைய எஞ்சின் மாட்டியிருந்தது. ஆறேழு வள்ளம் வைத்திருக்கும் ஒரு முதலாளி காலையில் பிக்கப்பில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். வேறு மாவட்டத்தில் வாங்கியதாம். பார்த்து, சங்கத்துப் பதிவுக்குக் கடிதம் எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இலக்கம் எனக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நானா ஒரு சோக்கட்டியை எடுத்து அதன்மேல் தேய்த்து, துணியால் துடைத்தார். பதிந்த பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கி நின்றது. ஒன்று, சைபர், சைபர், எட்டு. அவருடைய கை நின்றுவிட்டது.

நானும் கண்டேன். அந்த எட்டின் வலப்பக்கம் தடித்த வெள்ளையாக இருந்தது. இடப்பக்கம் மயிரிழை போல, இரண்டு குட்டி வளைவுகள். வலப்பக்கத்தோடு அவை சரியாகப் பொருந்தவுமில்லை.

அவர் ரோர்ச்சை எடுத்து வந்து வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்தார். நகத்தால் அந்த இடத்தைத் தடவினார்.

"எட்டு ஒரே அடியில பதியிற. இது ரெண்டு தரம் அடிச்சிருக்கு" என்றார். "இது எட்டு இல்லை தங்கச்சி. இது மூண்டு."

எஞ்சினின் மூடியைக் கழற்றினார். உள்ளே இரும்பில் அதே இலக்கத்தைச் சின்னதாக இன்னொரு இடத்தில் பதித்திருப்பார்கள். எல்லோருக்கும் அது தெரியாது. அதன்மேல் தடிப்பாகக் கிறீஸ் பூசிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தார். 1003001.

அவர் எண்ணெய்த் தகரத்தில் உட்கார்ந்துவிட்டார். வெளியே ஐஸ் லொறி ஒன்று பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் சந்தோசப்பட்டுட்டனே" என்றார். "காலையில இருந்து ஒரு மணித்தியாலம் நான் சந்தோசமா இருந்தன் தங்கச்சி."

"கடலில மிதந்து வந்ததை ஆரும் எடுத்திருக்கலாம்" என்றேன்.

"எஞ்சின் நீந்திக் கரைக்கு வராது. அது தாழுற சாமான். வள்ளத்தில இருந்து ஆரோ கழட்டினாத்தான் வரும்."

மாலை நாலு மணிக்கு முதலாளி சங்கத்துக்கு வந்தார். கையில் நானா கொடுத்த கடித உறை. நானா அவருக்குப் பின்னால் வந்து வாசலில் நின்றார். முதலாளி மெதுவாகக் கதைக்கிறவர். வெள்ளைச் சேட்டில் ஒரு கசங்கல் இருக்காது. என் முன்னால் உறையைப் பிரித்து வாசித்தார்.

"நானா, இதில ஒரு இலக்கம் பிழைச்சுப் போச்சு" என்றார்.

"ஓம். பிழைதான்" என்றார் நானா. "ஆனா கடுதாசியில இல்லை."

"ஒரு இலக்கம்தானே."

"ஏழில ஒண்டு."

முதலாளி கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நானாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி நிலாவெளிதானே? அஞ்சரை பஸ்ஸில போறனீங்கள். கண்டிருக்கிறன். முன்னுக்கு, ட்ரைவருக்குப் பின் சீற்றில." பிறகு வெளியே போய், எஞ்சினைப் பிக்கப்பில் ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

நானா என் மேசைக்கு வந்தார். "நான் நாளைக்குக் காலையில பொலிசுக்குப் போறன். பதிவேட்டில அந்தப் புள்ளையள்ட எஞ்சின் இலக்கம் உங்கட கையெழுத்தில இருக்கு. நீங்களும் அதைக் கொண்டு வாங்க."

"தலைவரிட்டக் கேக்கவேணும் நானா. கேக்காமல் பதிவேட்டை வெளியில கொண்டுபோக ஏலாது."

"கேளுங்க."

"கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமில்லை. ஓர் எண்ணை வாசிக்கிற மாதிரித்தான் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நான் சங்கத் தலைவரிடம் கேட்டது உண்மை. அவர் கணக்காய்வுக்கு வேண்டுமென்று பதிவேட்டைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மறுநாள் நானா தனியாகப் பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். அவர்கள் முதலாளியின் இடத்துக்குப் போனபோது, அங்கே அப்படியொரு எஞ்சின் இருக்கவில்லை.

அடுத்த நாள் வெள்ளி. நானா மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, வழக்கம்போல மூதூருக்குப் போக பஸ் நிலையப் பக்கம் நடந்தார். எங்கள் யன்னலைத் தாண்டும்போது கையை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. எந்த பஸ்ஸில் ஏறினார், ஏறினாரா என்பதே தெரியவில்லை. சனிக்கிழமை காலை அவருடைய மனைவி இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்து பூட்டிய கடைக்கு முன்னால் நின்றார். மூத்தவள் பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். நான் அன்று வேலைக்கு வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர்தான் பிறகு சொன்னார்.

இரண்டு கிழமை கழித்துப் பதிவேடு என் மேசைக்குத் திரும்பி வந்தது. திரியாய் வள்ளத்தின் பக்கம் அதில் இல்லை. கிழித்த அடையாளம்கூடத் தெரியாமல், நூலடியோடு, சவர அலகால் வெட்டியிருந்தது.

அதே கிழமை திரியாய் அக்கா, அந்த அண்ணனுடைய மனைவி, வந்தார். வாங்கில் உட்காரவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார்.

"எங்கட எஞ்சின் அகப்பட்டது எண்டு ஒரு கதை வருகுது. உண்மையே தங்கச்சி?"

"எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"நானா எனக்கு எல்லாம் சொன்னவர். பொலிசுக்குப் போன அண்டைக்கே பின்னேரம் பஸ் ஏறித் திரியாய்க்கு வந்து, வாசலில நிண்டு சொல்லிப்போட்டுப் போனவர். உள்ளுக்கு வரேல்ல. உங்களுக்கும் தெரியும் எண்டும் சொன்னவர்" என்றார். சத்தம் போடவில்லை. "அவரைக் காணேல்ல எண்டு கேள்விப்பட்டுத்தான் வந்தனான். உங்களிட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம் எண்டு."

அவர் போன பிறகு என்னால் அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. அறைக்குள் எழுதிய இலக்கங்கள் எல்லாம், அலுமாரியில் ஒட்டியிருந்த இலக்கம், சுவரில் கலண்டர், மின்சார மீற்றர், என்னைப் பார்ப்பது போலிருந்தது. அன்றைக்கு அரைநாள் லீவு எழுதி வைத்துவிட்டு, தலைவரிடம் சொல்லாமல் பொலிசுக்குப் போனேன்.

அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எழுதினார். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கேட்டார்.

"பதிவேட்டில பக்கம் இல்லை எண்டுறீங்கள். எத்தனையோ எஞ்சின் எழுதுறீங்கள். ஏழு இலக்கம், ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. அதுதான் எண்டு எப்படி நிச்சயமாச் சொல்லுறீங்கள்? ஒரு இலக்கம் மாறி ஞாபகம் இருக்கலாம்தானே?"

நான் அவருடைய தாளை வாங்கி 949 என்றும் 320 என்றும் எழுதினேன். ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் தன் போனில் அடித்துப் பார்த்தார். நான் சொல்லி அவர் முதலில் எழுதியிருந்த இலக்கத்தையும் பார்த்தார். திரும்பவும் அடித்தார்.

"இது ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

"காணாமல் போனவர்" என்றேன்.

அந்தத் தாளை அவர் என் வாக்குமூலத்தோடு சேர்த்துக் குத்தினார்.

அதற்குப் பிறகு மூன்று மாரி போய்விட்டது. விசாரணை நடக்கிறது. திகதி போடுகிறார்கள், தள்ளிப் போடுகிறார்கள். நானா இல்லை. உயிரோடு இருக்கிறார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, மற்றதையும் ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய மனைவியும் திரியாய் அக்காவும் இப்போது ஒரே நாளில் வருகிறார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி படியேறுவார்கள். நான் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுப்பேன். கேட்பதற்கெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்.

சங்கத்துக்கு இப்போது அந்த முதலாளிதான் தலைவர். போன வருடத் தெரிவில் எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. என்னை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அது எனக்கு நிறுத்தியதைவிடப் பயமாக இருக்கிறது.

அடுத்த மாதம் நான் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். அழைப்பாணை வந்த அன்று, பின்னேரம் மற்றவர்கள் எல்லோரும் போன பிறகு, முதலாளி தன் அறையிலிருந்து வந்து, என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோட்டில என்ன சொல்லப்போறீங்கள் தங்கச்சி?"

"இலக்கத்தைச் சொல்லுவன்."

"எந்த இலக்கத்தை?"

விரித்திருந்த பதிவேட்டை மூடி வைத்தேன்.

"ஒண்டு" என்றேன். "சைபர். சைபர். மூண்டு. சைபர். சைபர். ஒண்டு."

அவர் ஒவ்வொன்றையும் கேட்டார். சொல்லி முடித்த பிறகும் எழும்பிப் போகவில்லை. என்னுடைய பஸ் நேரம் வரைக்கும் அந்தக் கதிரையிலேயே, மடியில் கைகளை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்.